நாற்பதுக்கு அறுபது

தண்ணீர் பூஜ்யத்தில் உறையும்.
இது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி.
புட்டியில் வரும் சிவப்புத் திரவம்
தனியே விட்டால்
மைனஸ் பதின்மூன்றிலேயே கூழாகும் என்பது
அக்கா புருஷன் பெர்கெனுக்குத் தெரியாது.
"கலப்படம் எதுக்கு? சுத்தமா ஊத்து" என்றான்
சூராப்சாவிலிருந்து போனில்,
தன் ஜீப்புக்கு ஏழு லிட்டரைச்
சுத்தமாக ஊற்றிவிட்ட பெருமையோடு.

நான் யாகூத்ஸ்கிலிருந்து அந்த ஊருக்கு
மருந்து ஓட்டுகிறவள்.
லேனாவில் படகு நின்றுபோயிருந்தது.
பனிச்சாலை இன்னும் திறக்கவில்லை.
ஆறு தீர்மானிக்கும்வரை
கையில் சில வாரங்கள்.

வண்டி ஜப்பானிலிருந்து வந்தது.
மூன்றாம் கையோ நான்காம் கையோ.
ரேடியேட்டரில் கிடந்தது பச்சை.
எந்தப் பச்சை?
யாரும் எழுதிவைக்கவில்லை.
"நிறத்தை நம்பாதே" என்றாள் பிரஸ்கோவ்யா,
உதிரிபாகக் கடைக் கம்பிக்குப் பின்னால்
சூரியகாந்தி விதை கொறித்தபடி.
"சாயம் எவனும் போடுவான். பின்பக்கம் படி."
படித்தேன். எறும்பு எழுத்து.
பச்சையும் சிவப்பும் சேர்ந்தால்
சில சமயம் ஒன்றும் ஆகாது.
சில சமயம் களியாகிக் குழாயை அடைக்கும்.
சில சமயத்தை நம்பி
மைனஸ் ஐம்பதில் வண்டி எடுக்க முடியாது.

வடித்தேன்.
கராஜில் மல்லாந்து படுத்து
அடித்திருகைத் தளர்த்த,
பழைய பச்சை முழங்கை வழியாக
ஸ்வெட்டருக்குள் இறங்கியது.
தட்டில் விழுந்ததை உடனே மூடினேன்.
இனிக்கும் நஞ்சு அது.
டூலுஸ்தானின் நாய் வாசலில் நின்று
மூக்கை நக்கிக்கொண்டிருந்தது.

வீட்டு முற்றத்தில் ஆளுயரத்துக்குப் பனிப்பாளங்கள்,
ஏரியில் அறுத்து வந்தவை,
வசந்தம்வரை குடிப்பதற்கு.
தேநீருக்கு அதற்கு மிஞ்சிய தண்ணீர் கிடையாது.
எஞ்சினுக்கோ
ருசியற்ற தண்ணீர் வேண்டும்,
ஏரியை முற்றாக மறந்தது.
பேட்டரிக்கு ஊற்றுகிற அதை
நான்கு கேன் வாங்கினேன்.
இரண்டு முறை அலசினேன்.
இரண்டாம் முறை வந்தது நிறமில்லாமல் வந்தது.

மொத்தம் எட்டு லிட்டர் பிடிக்கும்.
அறுபது பங்கு சிவப்பு: நான்கே முக்கால், கொஞ்சம் மேலே.
மீதி தண்ணீர்.
ஆனால் அலசிய நீரில் ஒன்றரை லிட்டர்
எஞ்சின் மடிப்புகளுக்குள் இன்னும் ஒளிந்திருக்கிறது,
எந்தத் திருகைத் திறந்தாலும் வராது.
இன்று ஊற்றாத அந்தத் தண்ணீரையும்
கணக்கில் எழுதினேன்.
முட்டைக்கோஸ் ஊறப்போடும் வாளியில்
மரக்கரண்டியால் கலக்கினேன்
(அந்த வாளியில் இனி ஊறுகாய் இல்லை).

ஹீட்டரை முழுக்கத் திருப்பி
காற்றுக் குமிழிகள் கொப்பளித்து அடங்கும்வரை
எஞ்சினை ஓடவிட்டேன்.
பிறகு ஒரு சொட்டு,
அளவுக் கருவியின் கண்ணாடியில்.
நாலு மணிக்கே வெயில் போய்விட்டிருந்தது.
கராஜ் பல்பை நோக்கிப் பிடித்தேன்.
நீலத்துக்கும் வெள்ளைக்கும் நடுவே ஒரு கோடு:
ஐம்பதைத் தாண்டி இரண்டு கீழே.
பூஜ்யம் ஒன்று, பதின்மூன்று ஒன்று.
தனித்தனியே இவ்வளவுதான் தாங்குவார்கள்.
இந்த ஐம்பத்திரண்டு எங்கிருந்து வந்தது?
கோட்டை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
கண் வலித்தது.

பெர்கென் மறுபடி கூப்பிட்டான்.
பம்ப் சுற்றவில்லை, பெல்ட் கருகிவிட்டது,
உள்ளே சிவப்புக் கஞ்சி.
"இன்னும் எத்தனை புட்டி வாங்கிட்டு வருவே?"
அளவுக்கு மிஞ்சினால் அமிர்தம் நஞ்சாகும் என்பார்கள்.
நஞ்சு மிஞ்சினால்
நஞ்சாகக்கூட உதவுவதில்லை போலும்.
அதை அவனிடம் சொல்லவில்லை.
"ஒண்ணும் வேணாம்" என்றேன்.

பனிச்சாலை திறந்த அன்று
மைனஸ் நாற்பத்தாறு.
பின்னால் இன்சுலின் பெட்டிகள்.
பக்கத்து இருக்கையில்
சீட்பெல்ட் போட்டு,
என் கோட்டைப் போர்த்தி,
ஹீட்டரின் வாய்க்கு நேரே
மிச்சமிருந்த ஒரு கேன் தண்ணீர்.
அவன் வண்டி உறையாமலிருக்க
அதைத்தான் கொண்டுபோகிறேன்,
அது வழியில் உறைந்துவிடாமல்
கையால் அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டு.